அலாட்மெண்ட்டில் முதல் மூன்று வருடம்: புதிதாகக் காய்கறி போடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

இங்கிலாந்தில் ஓர் அலாட்மெண்ட் எடுத்து மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் நான் வளர்த்த ஒரே செடி சமையலறை ஜன்னலோரக் கறிவேப்பிலை. அதையும் அதிகத் தண்ணீர் ஊற்றிச் சாகடித்தேன். இப்போது வீட்டுக்கு வரும் நண்பர்கள் ஒரு பை பீன்ஸோடு கிளம்பும்போது வாசலில் நின்று ஏதாவது கேட்பார்கள். ஷூ மாட்டிக்கொண்டிருப்பவர்களிடம் அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிகிறது. அதையே இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

அலாட்மெண்ட் என்றால் என்ன? நிலம் நம் பெயருக்கு வருமா?

வராது. கவுன்சில் என்கிற உள்ளூர் நிர்வாகமோ ஒரு சங்கமோ வைத்திருக்கும் பெரிய நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து வருட வாடகைக்கு விடுகிறார்கள். காய்கறி, பழம், கொஞ்சம் பூ போட்டுக்கொள்ளலாம். குடியிருக்க முடியாது. அளவை இன்னமும் 'ராட்' கணக்கில்தான் சொல்வார்கள். முழுத் துண்டு என்றால் பத்து ராட், ஏறத்தாழ 250 சதுர மீட்டர். நமக்குப் புரிகிற கணக்கில் ஆறேகால் சென்ட். சென்னைக்காரர்களுக்கு ஒரு கிரவுண்டுக்கும் கொஞ்சம் மேல். காதில் கேட்கச் சின்னதாக இருக்கும். மண்வெட்டியோடு ஒரு மூலையில் நின்று எதிர்மூலையைப் பார்க்கும்போதுதான் வயிற்றைக் கலக்கும். இப்போது பல இடங்களில் பாதித் துண்டுதான் கொடுக்கிறார்கள். பாதி கிடைத்தால் வருத்தப்படாதீர்கள்.

எப்படி வாங்குவது?

உங்கள் கவுன்சிலின் இணையதளத்தில் காத்திருப்போர் பட்டியல் இருக்கும். சில இடங்களைச் சங்கங்களே நடத்துவதால் அவர்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் பெயர் கொடுக்க முடிந்தால் கொடுத்துவையுங்கள். எனக்கு இரண்டு வருடம் ஆனது. அதைவிட நெடுநாள் காத்திருப்பவர்களும் உண்டு.

பலருக்குத் தெரியாத ஒன்று: 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்தப் பகுதியில் வாக்குரிமையுள்ள ஆறு பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால், அலாட்மெண்ட் தேவைப்படுகிறது என்பதை உள்ளூர் நிர்வாகம் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். உடனே நிலம் வந்துவிடும் என்று அர்த்தமில்லை. ஆனால் மனுவைக் கண்டுகொள்ளாமல் விட முடியாது.

இரண்டு மூன்று துண்டு காட்டினால் எதைத் தேர்ந்தெடுப்பது?

நான் தேர்ந்தெடுத்த மாதிரி மட்டும் வேண்டாம். பிப்ரவரி மாதத்து மழையில் இரண்டு துண்டு காட்டினார்கள். ஒன்றில் ஷெட் இருந்தது. ஷெட்டைப் பார்த்ததும் நாற்காலி போட்டு டீ குடிப்பதுவரை மனசுக்குள் ஓடிவிட்டது. அங்கேயே சரி என்றேன். பின்பக்கம் போய்ப் பார்க்கவில்லை. பின்பக்கச் சுவரில் இரண்டு பலகை இல்லை, உள்ளே நரி குடியிருந்தது.

பார்க்க வேண்டியது வேறு. தண்ணீர்த் தொட்டி எத்தனை அடி தூரம், தெற்குப் பக்கம் பெரிய மரம் நிழல் போடுகிறதா, மழை பெய்த மறுநாள் எங்கே தண்ணீர் தேங்குகிறது, பக்கத்துத் துண்டில் கோஸ் எப்படி நிற்கிறது. அப்புறம் களை. பிப்ரவரியில் தரை வெறுமையாகத் தெரியும். அதை நம்பாதீர்கள். ஒரு கொத்து மண்ணைத் தோண்டிப் பாருங்கள். வெள்ளை வேர் வந்தால் என்ன என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

ரொட்டவேட்டர் வாடகைக்கு எடுத்து ஒரே நாளில் உழுதுவிடலாமா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை முழுக்க அந்த இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். சாயங்காலம் மண் புட்டு மாவு மாதிரி உதிர்ந்து கிடந்தது. போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினேன். அப்பா மட்டும், "களையைப் பொறுக்கினியா?" என்று கேட்டிருந்தார். பொறுக்கவில்லை.

இங்கே இரண்டு களை முக்கியம். ஒன்று கவுச் புல். நம் அருகம்புல்லுக்கு ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்ணுக்கடியில் வெள்ளைத் தண்டு ஓடும். கணுவுக்குக் கணு முளைக்கும். இன்னொன்று பைண்ட்வீட், வெள்ளைப் பூ பூக்கும் கொடி. அதன் வேர் சேமியா மாதிரி வெள்ளையாக, தொட்டாலே ஒடியும். ஒடிந்த துண்டு ஒவ்வொன்றும் தனிச் செடி ஆகும். அதாவது, நான் அன்றைக்கு இயந்திரம் வைத்து நூறு களையை நறுக்கி ஆயிரம் பதியன் போட்டிருக்கிறேன். ஏப்ரல் கடைசியில் துண்டு முழுக்கப் பச்சைக் கம்பளம். நான் விதைத்த கீரை எந்த வரிசையில் இருந்தது என்றே தெரியவில்லை.

செய்ய வேண்டியது: முள் போட்ட ஃபோர்க்கால் மண்ணைத் தளர்த்தி, வேரை ஒடிக்காமல் உருவி, வாளியில் போடுவது. ஒரு நாளைக்குக் கட்டில் அளவு இடம் முடிந்தால் பெரிய விஷயம். அவ்வளவு பொறுமை இல்லாத இடத்தை, டேப் கிழித்த அட்டைப்பெட்டிகளைப் பரப்பி மேலே நாலு விரற்கடை மக்கிய உரம் போட்டு மூடிவிடலாம். வெளிச்சம் இல்லாமல் பெரும்பாலான களை ஒரு வருடத்தில் செத்துவிடும். பைண்ட்வீட் சாகாது, ஆனால் பலம் குறையும். ஓரத்தில் தலைகாட்டும்போதெல்லாம் பிடுங்க வேண்டும். ஹார்ஸ்டெயில் என்று குட்டி சவுக்குக் கன்று மாதிரி ஒன்று உண்டு. அதன் வேர் இரண்டு மீட்டர் ஆழம்வரை போகும் என்பதால் அதைத் தோண்டி எடுக்க முயற்சி செய்யவே வேண்டாம். மேலே வருவதை வெட்டிக்கொண்டே இருங்கள், போதும்.

முதல் வருடம் எவ்வளவு இடத்தில் போடலாம்?

மூன்றில் ஒரு பங்கு. மீதியைக் கறுப்பு ஷீட் போட்டு மூடுங்கள். மூடினால் சோம்பேறி என்று நினைப்பார்களோ என்று எனக்குக் கூச்சம். அதனால் முழுசும் திறந்து வைத்து முழுசிலும் தோற்றேன். ஒப்பந்தத்தில் 'குறிப்பிட்ட பங்கு நிலம் சாகுபடியில் இருக்க வேண்டும்' என்று இருக்கலாம். முதல் வருடக்காரர்கள் மூடி வைப்பதைச் சங்கம் எப்படிக் கணக்கிடும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது விதைப்பது? ஆடிப்பட்டம் இங்கே பொருந்துமா?

பொருந்தாது. ஆடி என்பது இங்கே ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. ஆடிப்பட்டம் தேடி விதைத்தால் முள்ளங்கி, கீரை வரும், பூசணி வராது. இங்கே நாள் பார்ப்பது மழையை வைத்து இல்லை, உறைபனியை வைத்துத்தான். இங்கிலாந்தின் பெரும்பகுதியில் மே நடுவிலோ கடைசியிலோகூட ஓர் இரவு பனி விழலாம். வடக்கே போனால் ஜூன் தொடக்கம்வரை பயம் உண்டு.

எனக்கு யாரும் சொல்லாமல் இல்லை. சொன்னார்கள். நான் கேட்கவில்லை. மார்ச்சில் ஜன்னலோரத்தில் தயிர் டப்பாக்களில் இருபத்துநாலு தக்காளி நாற்று விட்டிருந்தேன். மே முதல் வாரம் டி-ஷர்ட் போடும் வெயில். பக்கத்துத் துண்டுப் பெரியவர் வேலியோரம் வந்து, இன்னும் மூன்று வாரம் பொறுக்கச் சொன்னார். சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு இருபத்துநாலையும் நட்டேன். அடுத்த வாரம் ஒரு காலை காரின் கண்ணாடியில் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் நாற்றுகள் வேகவைத்த கீரை மாதிரி கறுத்து, தண்டோடு சாய்ந்து கிடந்தன. ஓரத்தில் ஒரு பழைய வாளி கவிழ்ந்து அதனடியில் மாட்டிக்கொண்ட ஒரு செடி மட்டும் பச்சையாக நின்றது. வேண்டுமென்று மூடியதில்லை, காற்றில் உருண்டது.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஷெட் வாசலில் ஆறு தக்காளி நாற்று வைத்திருந்தார்.

தக்காளி, பீன்ஸ், பூசணி, கூர்ஜெட் (சுக்கினி), சோளம், மிளகாய் எல்லாம் மே கடைசிக்கு. நடுவதற்கு முன் ஒரு வாரம் பத்து நாள் பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று பழக்குங்கள். பட்டாணி, பாகலா மொச்சை (இங்கே 'பிராட் பீன்ஸ்'), கோஸ், கீரை வகை, பீட்ரூட், வெங்காயம் குளிர் தாங்கும். மார்ச், ஏப்ரலில் போடலாம்.

தோல்வியே வராத பயிர் எது?

உருளைக்கிழங்கு. அதிலும் 'ஃபர்ஸ்ட் எர்லி' என்று விற்கும் குறுகிய காலக் கிழங்கு. பிப்ரவரியில் விதைக்கிழங்கை முட்டை அட்டையில் கண் மேலே பார்த்தபடி நிறுத்தி, வெளிச்சமான குளிர்ந்த இடத்தில் வையுங்கள். கட்டைக் குட்டையாக முளை வரும். மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு சாண் அளவு ஆழத்தில், முக்கால் முழ இடைவெளியில் நட்டு, தழை வர வர இரண்டு பக்கமும் மண் அணைத்துக்கொண்டே போக வேண்டும். கிழங்கில் வெயில் பட்டால் பச்சையாகிவிடும். பச்சைக் கிழங்கைச் சாப்பிடக் கூடாது. பத்திலிருந்து பன்னிரண்டு வாரத்தில் தயார்.

முதல் வருடம் எனக்கு உருப்படியாக வந்தது அது மட்டும்தான். ஜூலை முதல் வாரத்தில் மகளும் நானும் போனோம். செடியின் அடியில் ஃபோர்க்கை விட்டுத் தூக்கினேன். மண் விரிசல் விட்டு, உள்ளே கோழிமுட்டை கோழிமுட்டையாக எட்டு. தோல் அவ்வளவு மெல்லிசு, கட்டைவிரலால் தேய்த்தாலே உரிந்தது. மகள் மண்ணுக்குள் கையை முழங்கைவரை விட்டு இன்னும் இரண்டு எடுத்தாள். ஒன்றில் ஃபோர்க் குத்தியிருந்தது. எப்போதும் பெரிய கிழங்கில்தான் குத்தும். அன்று ராத்திரி கடுகு தாளித்து, மஞ்சள்தூள் மட்டும் போட்டுப் பொரியல். வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஆகஸ்டில் தக்காளி திடீரென்று பழுப்பாகி அழுகுவது ஏன்?

பின்கருகல் நோய். 1845இல் அயர்லாந்து உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்துக்கு வழிவிட்ட அதே கிருமிதான். உருளைக்கும் தக்காளிக்கும் இரண்டுக்கும் வரும். வித்துகள் காற்றில் பறந்து வரும், எனவே உங்கள் துண்டு எவ்வளவு சுத்தம் என்பது அதற்குப் பொருட்டில்லை. தொடர்ந்து இரண்டு நாள் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகாமல், இரண்டு நாளும் குறைந்தது ஆறு மணி நேரம் காற்றில் ஈரம் 90 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் நோய்க்குத் தோதான காலம் என்று எச்சரிக்கை விடுகிறார்கள். இங்கத்திய ஆகஸ்டில் இது எத்தனை முறை வரும் என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டாம் வருடம் என் தக்காளி கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தது. சரி, ஞாயிற்றுக்கிழமை பறிக்கலாம் என்று விட்டேன். நான்கு நாள் தூறல். ஞாயிற்றுக்கிழமை தண்டெல்லாம் காபி கொட்டியது போல் கறை, காய்களில் பழுப்புத் திட்டு. எல்லாவற்றையும் வெட்டி மூட்டை கட்டினேன். மருந்து தேடி அலையாதீர்கள். இலையில் அறிகுறி வந்தபின் செய்யக்கூடியது குறைவு. உருளையில் வந்தால் தழையை உடனே தரைமட்டத்துக்கு அறுத்து அப்புறப்படுத்திவிட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்துக் கிழங்கைத் தோண்டலாம், பெரும்பகுதி தப்பும். குறுகிய காலக் கிழங்கு நோய் வருமுன்பே வீட்டுக்கு வந்துவிடும் என்பதும் நான் அதைச் சிபாரிசு செய்ய ஒரு காரணம். தக்காளியில் 'கிரிம்சன் க்ரஷ்' போல எதிர்ப்புச் சக்தி உள்ள ரகங்கள் உண்டு. மற்ற ரகம் ஆசைப்பட்டால் கூரைக்கடியில் வையுங்கள். இலை நனையாமல் இருந்தால் பாதி வெற்றி.

நத்தை?

ஓடில்லாத நத்தை, அதாவது 'ஸ்லக்'. ராத்திரி ஒன்பது மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தீர்கள் என்றால் தூக்கம் வராது. மெட்டால்டிஹைடு போட்ட நீல உருண்டைகளைத் தோட்டத்தில் போடுவது 2022 வசந்தத்திலிருந்து பிரிட்டனில் தடை. பழைய டப்பா யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

முட்டை ஓடு, செம்பு டேப், கம்பளி உருண்டை எல்லாம் நானும் வாங்கினேன். ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி இவற்றையெல்லாம் லெட்யூஸ் செடிகளைச் சுற்றிப் போட்டுச் சோதித்து, 2018இல் வெளியிட்ட முடிவு: ஒன்றும் போடாத செடிக்கும் போட்ட செடிக்கும் வித்தியாசமில்லை. என் முட்டை ஓடுகளின் மேல் நத்தை நடந்துபோன பளபளப்புக் கோட்டை நானே பார்த்தேன். எனக்குப் பலன் தந்தவை மூன்று. நாற்றை வீட்டில் ஒரு சாண் உயரம் வளர்த்தபின் நடுவது, சாயங்காலம் இல்லாமல் காலையில் தண்ணீர் ஊற்றுவது, மண் 5 டிகிரிக்கு மேல் சூடானதும் நத்தையைக் கொல்லும் நூற்புழுக் கரைசல் ஊற்றுவது. கடைசியது விலை அதிகம், அதனால் கீரைப் பாத்திக்கு மட்டும்.

நம்ம ஊர்க் காய்கறி வருமா?

எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இது.

வெந்தயக்கீரை அற்புதமாக வரும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு பிடி தூவினால் கடையில் வாங்க வேண்டாம். கடையில் சமையலுக்கு விற்கும் வெந்தயமே முளைக்கும். கொத்தமல்லி வரும், ஆனால் வெயிலும் வறட்சியும் பட்டால் உடனே பூத்துவிடும். நாற்றை எடுத்து நட்டால் கோபித்துக்கொள்ளும். நேரே விதையுங்கள், கொஞ்சம் நிழலில். தண்டுக்கீரை ஜூன் பிறந்தபின். முள்ளங்கி, பீட்ரூட், நூக்கல், பரங்கி எல்லாம் இந்த மண்ணுக்கே பிடித்தவை. மிளகாய்க்குக் கண்ணாடிக் கூண்டு இருந்தால் நல்லது. பிப்ரவரியிலேயே வீட்டுக்குள் விதைத்துவிட வேண்டும். வெண்டைக்கும் பாகலுக்கும் கூண்டு இல்லாமல் முயற்சி செய்யாதீர்கள். வெட்டவெளியில் என் வெண்டை ஒரு முழம் வளர்ந்து மூன்று காய் கொடுத்தது. மூன்றையும் ஒரே நாளில் பறிக்கவில்லை என்பதால் குழம்புகூட வைக்க முடியவில்லை. முருங்கையை மறந்துவிடுங்கள்.

இப்போது அவரை. நண்பர் ஒருவர் இங்கே வாங்கிய பாக்கெட்டிலிருந்து பத்து விதை கொடுத்தார். மே கடைசியில் நட்டு மூங்கில் பந்தல் போட்டேன். ஜூலையில் பந்தல் நிரம்பியது. ஊதா நரம்போடு உள்ளங்கை அகல இலை. ஆகஸ்டில் எட்டடி ஏறி ஷெட் கூரையைப் பிடித்தது. போகிற வருகிற வெள்ளைக்காரர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பூ மட்டும் இல்லை. சாம்பல் போட்டேன். நுனி கிள்ளினேன். தண்ணீரை நிறுத்தினேன். செப்டம்பர் கடைசியில்தான் முதல் பூங்கொத்து வந்தது. அக்டோபரில் பிஞ்சு, கட்டைவிரல் நகம் அளவு. அந்த வாரமே பனி.

காரணம் குளிர் இல்லை, பகல். அவரையின் பல ரகங்கள் பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும். ஜூனில் லண்டனில் பதினாறரை மணி நேரப் பகல். பகல் குறையும்வரை அவரை வளர்ந்துகொண்டேதான் இருக்கும். நம்மூரில் மார்கழி, தையில் காய்ப்பதை யோசித்தால் எனக்கே தோன்றியிருக்க வேண்டும். வெங்காயத்துக்கு இதே கதை தலைகீழாக. நம்மூர் ரகங்கள் பன்னிரண்டு மணி நேரப் பகலிலேயே கிழங்கு கட்டத் தொடங்கும். இங்கே வசந்தத்திலேயே பகல் அதைத் தாண்டிவிடுவதால், செடி வளருமுன்பே குட்டியாகக் கிழங்கு கட்டி நின்றுவிடும். இங்கத்திய ரகத்தையே வாங்குங்கள். அவரை ஆசையை 'ரன்னர் பீன்ஸ்' தீர்க்கும். பிஞ்சாகப் பறித்து, நார் எடுத்து, தேங்காய் போட்டுப் பொரியல் செய்தால் பாதித் தூரம் ஊர் வந்த மாதிரி.

ஊரிலிருந்து பெட்டியில் விதை கொண்டுவரலாமா?

வேண்டாம். பயிர்நலச் சான்றிதழ் இல்லாமல் விதை கொண்டுவருவதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. அம்மா புடவைக்கு நடுவே மடித்து வைத்தாலும் அதே சட்டம்தான்.

குதிரைச் சாணம் இலவசமாகத் தருகிறார்களே, வாங்கலாமா?

கேட்டுவிட்டு வாங்குங்கள். புல்வெளிகளில் அகன்ற இலைக் களையை அழிக்க அமினோபைரலிட் என்ற மருந்து அடிப்பதுண்டு. அந்தப் புல்லையோ வைக்கோலையோ தின்ற குதிரைக்கு ஒன்றும் ஆகாது. மருந்து வயிற்றைக் கடந்து சாணத்தில் அப்படியே நிற்கும். தக்காளி, பீன்ஸ், பட்டாணி, உருளை இவற்றுக்கு மிகக் கொஞ்சம் இருந்தாலே போதும். நுனி இலை பெரணி மாதிரி சுருண்டுகொள்ளும்.

மூன்றாம் வருடம் ஒரு லாயத்திலிருந்து எட்டு மூட்டை ஏற்றிவந்து பீன்ஸ் பாத்தியில் கொட்டினேன். பீன்ஸ் எல்லாம் முஷ்டி மடக்கியது போல் சுருண்டது. நோய் என்று நினைத்துப் பத்து நாள் வீணாக்கினேன். இப்போது எந்தச் சாணம் வந்தாலும் முதலில் ஒரு தொட்டியில் மண்ணோடு கலந்து மொச்சைக் கொட்டை நான்கு போட்டு, மூன்று நான்கு வாரம் பார்க்கிறேன். நேராக வளர்ந்தால் பாத்திக்கு.

தண்ணீர் தினமும் ஊற்ற வேண்டுமா?

வேண்டாம். வாரம் இரண்டு முறை, வேர்வரை இறங்கும்படி. தக்காளிக்கும் கூர்ஜெட்டுக்கும் மட்டும் காய்க்கும் காலத்தில் ஒழுங்கு தவறக் கூடாது. காயவிட்டு வெள்ளமாக ஊற்றினால் தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அமுங்கும்.

கேரட் ஏன் இரண்டு கால் முளைத்து வருகிறது?

கல் அல்லது புது எரு. கேரட் போடும் பாத்தியில் அந்த வருடம் எரு போடாதீர்கள். உள்ளே துளைத்துப் பழுப்புக் கோடு இருந்தால் அது கேரட் ஈயின் புழு. ஈ தாழ்வாகத்தான் பறக்கும் என்பதால் இரண்டடி உயர வலையைச் சுற்றிக் கட்டுகிறார்கள். மெல்லிய வலையால் முழுக்க மூடுவது இன்னும் நல்லது. நாற்றைக் கலைத்துவிடும்போது வரும் வாசனைதான் ஈயை இழுக்கும். எனவே முதலிலேயே நெருக்கமில்லாமல் இடைவெளி விட்டு விதையுங்கள்.

புறா?

வலை. வேறு பதில் இல்லை. கோஸ் குடும்பத்துச் செடிகளை நட்ட அன்றே மூடுங்கள், மறுநாள் இல்லை.

கூர்ஜெட் எத்தனை செடி?

இரண்டு. நான் ஒன்பது போட்டேன். கூட்டு, பொரியல், அடை, தோசை மாவு, கேக் எல்லாவற்றிலும் போட்டாகிவிட்டது. கடைசியில் அலுவலகச் சமையலறையில் 'எடுத்துக்கொள்ளவும்' என்று எழுதிவைத்தேன். இரண்டு நாள் எடுத்தார்கள். மூன்றாம் நாள் யாரோ வேறு கூர்ஜெட்டுகளையும் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போக முடியுமா?

இதுதான் நம் ஆட்களுக்கு உண்மையான சிக்கல். பள்ளி விடுமுறை ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை. அறுவடையும் களையும் உச்சத்தில் இருப்பதும் அதே ஆறு வாரம். முதல் வருடம் ஐந்து வாரம் போய் வந்தேன். திரும்பியபோது கூர்ஜெட் ஒவ்வொன்றும் கைக்குழந்தை எடை, பீன்ஸ் முற்றி நார், களை இடுப்பளவு. கூடவே சங்கத்திலிருந்து மரியாதையான ஒரு கடிதம்: நான்கு வாரத்தில் சாகுபடி நிலைக்குக் கொண்டுவராவிட்டால் துண்டைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம்.

நாள் தவறாமல் காய்க்கும் பயிர்களைக் குறைத்து, ஜூலைக் கடைசிக்கு முன் முடியும் உருளை, பட்டாணி, பூண்டு, செப்டம்பருக்கு மேல் வரும் பரங்கி, பீட்ரூட் என்று திட்டமிட்டால் சமாளிக்கலாம். இன்னொன்று, பக்கத்துத் துண்டுக்காரரிடம், "நாங்கள் இல்லாதபோது காய்ப்பதெல்லாம் உங்களுக்கு, தண்ணீர் மட்டும் கொஞ்சம்" என்று சொல்லிவிட்டுப் போவது. அவர்களும் செப்டம்பரில் ஸ்பெயினுக்குப் போவார்கள். அப்போது நாம்.

பணம் மிச்சமாகுமா? மீதியை விற்கலாமா?

முதல் வருடம் கணக்கு எழுதினேன், ஆகஸ்டில் நிறுத்திவிட்டேன். வாடகை பெரிதில்லை, எனக்கு வருடத்துக்கு 70 பவுண்டை ஒட்டி. மண்வெட்டி, ஃபோர்க், வலை, மூங்கில், உர மூட்டை இவைதான் சாப்பிடும். வாங்குமுன் சங்கத்தில் கேளுங்கள். யாராவது விட்டுப்போன கருவிகள் எப்போதும் இருக்கும். இப்போது கீரை, பூண்டு, பீன்ஸ் வகையில் லாபம்தான். உருளையிலும் வெங்காயத்திலும் கடை விலையோடு போட்டி போட முடியாது.

விற்பனைக்கென்று பயிர் செய்யக் கூடாது. 1922ஆம் ஆண்டுச் சட்டமே இதைக் குடும்பத்தின் சாப்பாட்டுக்கான நிலம் என்றுதான் வரையறுக்கிறது.

குளிர்காலத்தில் போகவே வேண்டாமா?

மாதம் இரண்டு முறை போதும். அக்டோபர், நவம்பரில் பூண்டு நட வேண்டும். பூண்டு பல் பல்லாகப் பிரிய அதற்குச் சில வாரக் குளிர் தேவை. வசந்தத்தில் நட்டால் சில சமயம் ஒற்றைப் பூண்டாக நின்றுவிடும். பாகலா மொச்சையையும் அப்போதே போடலாம். மற்றபடி ஷெட்டைச் சரிசெய்வது, அட்டை பரப்புவது.

ஏப்ரல், மே மாதங்களில் நிலத்தில் வேலை மிக அதிகமாக இருக்கும், பறிக்க ஒன்றும் இருக்காது. அதை இங்கே 'பசி இடைவெளி' என்கிறார்கள். குளிர்காலக் கோஸ், லீக் எல்லாம் முடிந்து புதுசு வராத காலம். முந்தின கோடையிலேயே ஊதா ப்ரோக்கோலி நட்டு வைத்தவர்கள் மட்டும் அப்போது கையில் பையோடு போவார்கள்.

விட்டுவிடலாம் என்று தோன்றியதா?

மூன்று முறை. பனி விழுந்த அந்தக் காலை இல்லை, அப்போது கோபம்தான் வந்தது. கடிதம் வந்த வாரம், தக்காளியை மூட்டை கட்டிய ஞாயிறு, அப்புறம் பீன்ஸ் சுருண்டபோது. மூன்றாம் முறை சங்கச் செயலாளரிடம் சாவியோடு போய்விட்டேன். அவர் சாவியை வாங்கவில்லை. "பாதியைக் கொடுங்களேன், பட்டியலில் நிறையப் பேர் இருக்கிறார்கள்" என்றார். அப்படி ஒரு வழி இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

இப்போது என்னிடம் ஐந்து ராட். வாரத்துக்கு நான்கு ஐந்து மணி நேரத்தில் முடிகிறது, ஷெட்டில் உட்கார்ந்து டீயும் குடிக்கிறேன். மறுபாதியை ஓர் இளம் தம்பதி எடுத்திருக்கிறார்கள். வந்த முதல் வாரமே என்னிடம் கேட்டது, இங்கே ரொட்டவேட்டர் எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்பதுதான். கடையைச் சொன்னேன். அதற்கு முன் ஃபோர்க்கை எடுத்து ஒரு கொத்து மண்ணைப் புரட்டி, அந்த வெள்ளை வேரைக் கையில் கொடுத்தேன்.